கைம்பெண்ணின் எண்ணெய்க் கலயம்

நம் மறையுரைகளிலும் தியானங்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படும் பழைய ஏற்பாட்டுக் கதைகளுள் ஒன்று, அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத் தொடக்கத்தில் வரும் கைம்பெண்ணின் கதை. கடன் கொடுத்தவன் அவளுடைய பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாக்கிக் கொண்டுபோக வருகிறான். இறைவாக்கினர் எலிசாவின் சொற்படி ஒரே ஒரு கலயத்து எண்ணெய் பல பாத்திரங்களை நிரப்புகிறது. கடன் தீர்கிறது. இதனை விளக்குவோர் எண்ணெயைத் தூய ஆவி என்பர். வெறும் பாத்திரங்களை நம் உள்ளங்கள் என்பர். மூடிய கதவைத் தனிச் செபம் என்பர். இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானப்பொருள் கிடைத்துவிடுகிறது. ஒன்றே ஒன்று மட்டும் விளக்கமின்றி ஓரத்தில் நின்றுவிடுகிறது. அது கடன்.

உருவகப் பொருள் காண்பது தவறன்று. திருச்சபைத் தந்தையர் காலந்தொட்டு வழங்கிவரும் முறை அது. ஆயினும் மறைநூலின் எல்லாப் பொருள்களும் சொற்பொருளையே அடித்தளமாகக் கொண்டவை என்பது புனித தோமா அக்குவினாஸ் வகுத்த விதி. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் அதனை வழிமொழிகிறது. சொற்பொருளில் இக்கதை எதைப் பற்றியது? ஒரு வீட்டின் கணக்கைப் பற்றியது. பாக்கி, கையிருப்பு, இரவல், விற்பனை, கடனடைப்பு, மீதி என்று ஒரு கணக்கேட்டின் தலைப்புகள் அனைத்தும் இந்த ஏழு வசனங்களுக்குள் உள்ளன. அக்கணக்கைக் கணக்காகவே படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு படிக்கும்போது, கிறிஸ்தவ இல்லம் ஒன்று பணத்தையும் கடனையும் எப்படி ஆளவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் மறைநூலில் அரிது என்பது புலனாகும்.

சொல்லாமல் விட்டவை

கதாசிரியரின் சிக்கனம் வியப்புக்குரியது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. கடன் எவ்வளவு என்ற தொகை இல்லை. கடன் கொடுத்தவன் யார் என்ற குறிப்பு இல்லை. அனைத்திற்கும் மேலாக, கடன் ஏன் வாங்கப்பட்டது என்ற காரணம் இல்லை. அவள் கூறுவன மூன்றே செய்திகள்: என் கணவர் இறந்துவிட்டார், அவர் ஆண்டவருக்கு அஞ்சி நடந்தவர் என்பது உமக்குத் தெரியும், கடன் கொடுத்தவன் வந்துவிட்டான். கணவரின் இறைப்பற்றை முன்னே வைத்துக் கடனைப் பின்னே வைக்கிறாள். இரண்டிற்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவளும் கருதவில்லை, எலிசாவும் கருதவில்லை.

காரணம் இல்லாத இந்த வெற்றிடத்தைப் பிற்காலத்தார் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியரான யோசேபுஸ், அவள் ஆகாபு மன்னனின் அரண்மனைப் பொறுப்பாளரான ஒபதியாவின் மனைவி என்கிறார். ஈசபேலின் கொலைவெறிக்குத் தப்பி ஒளிந்திருந்த நூறு இறைவாக்கினரைக் காப்பாற்றி உணவளிக்கவே ஒபதியா கடன்பட்டார் என்றும் எழுதுகிறார். நல்ல விளக்கம்தான். ஆயினும் அது கதையின் வலிமையைக் குறைத்துவிடுகிறது. கடன் புண்ணியச் செயலுக்காக வாங்கப்பட்டது என்று தெரிந்தால் நம் இரக்கம் எளிதாகிவிடும். வேறு காரணத்துக்காக என்று தெரிந்திருந்தால் நம் இரக்கம் சுருங்கியிருக்கும். மூலக்கதை இவ்விரு வசதிகளையும் நமக்குத் தர மறுக்கிறது.

ஒரு வீடு கடனில் விழுந்தது என்று கேள்விப்பட்டவுடன் நம் பங்குகளில் எழும் முதற்கேள்வி எது? "ஏன் வாங்கினார்கள்?" என்பதே. மகளின் திருமணத்துக்கா, மருத்துவமனைச் செலவுக்கா, குடிக்கா, ஆடம்பரத்துக்கா என்று விசாரித்து, தீர்ப்பு வழங்கிய பின்னரே நாம் இரங்குவதா வேண்டாவா என்று முடிவு செய்கிறோம். இந்த விசாரணைக்கு அஞ்சியே கடன்பட்டோர் பங்குத்தந்தையிடம் வருவதில்லை, உற்றாரிடம் சொல்வதில்லை, மேலும் அதிக வட்டிக்கு வாங்கிப் பழைய வட்டியைக் கட்டுகின்றனர். எலிசா அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை என்பது இக்கதையின் முதற்பாடம்.

இரு கேள்விகள்

எலிசா கேட்பவை இரண்டு. உனக்காக நான் என்ன செய்யவேண்டும் என்பது ஒன்று. அதற்கு விடை வருமுன்பே அடுத்ததைக் கேட்டுவிடுகிறார்: உன் வீட்டில் என்ன இருக்கிறது? முதற்கேள்வி பரிவின் கேள்வி. இரண்டாவது கணக்கின் கேள்வி. பரிவு மட்டும் இருந்திருந்தால் அவர் சில காசுகளைக் கொடுத்து அனுப்பியிருப்பார். கணக்கு மட்டும் இருந்திருந்தால் அறிவுரை கூறி அனுப்பியிருப்பார். இரண்டும் ஒரே மூச்சில் வருவதே அவர் தரும் துணையின் தனித்தன்மை.

அவளுடைய விடையின் அமைப்பையும் நோக்கவேண்டும். வீட்டில் ஒன்றுமில்லை என்று தொடங்குகிறாள். ஒரு கலயம் எண்ணெய் தவிர என்று முடிக்கிறாள். கடன்பட்ட உள்ளத்தின் இயல்பை இவ்வளவு குறைந்த சொற்களில் காட்டுவது அரிது. கடன் முதலில் பறிப்பது பணத்தை அன்று. இருப்பதை எண்ணிப் பார்க்கும் துணிவை. பயம் மேலிடும்போது மனிதன் எல்லாம் போயிற்று என்கிறான். எது போயிற்று, எது மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இறைவாக்கினரின் கேள்வி அவளை மீண்டும் தன் வீட்டுக்குள் அனுப்பி, அலமாரியைத் திறந்து பார்க்கச் செய்கிறது. புதுமை தொடங்குவதற்கு முன்பே நிகழும் சிறு புதுமை இது.

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று இயேசு வினவுகிறார். சீடத்துவத்தின் விலையைப் பற்றிய உவமை அது. எனினும் உவமை பொருந்த வேண்டுமானால், கணக்கிடுதல் அறிவுடையோர் செயல் என்பது கேட்போர்க்கு முன்பே உடன்பாடாக இருத்தல் வேண்டும். "உட்கார்ந்து" என்ற சொல் அங்கே வீணாக வரவில்லை. நம் இல்லங்களில் கணவனும் மனைவியும் மாதம் ஒருமுறையேனும் இதற்கென்று சேர்ந்து உட்காருகின்றனரா? கணவன் எடுத்த சீட்டு மனைவிக்குத் தெரியாது. மனைவி கையெழுத்திட்ட மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை கணவனுக்குத் தெரியாது. அடகுச் சீட்டு பெட்டியின் அடியில் துணிகளுக்கு இடையே கிடக்கும். திருமண மேடையில் இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பதாக வாக்களித்தவர்கள், நூற்றுக்கு எத்தனை வட்டி என்பதை ஒருவருக்கொருவர் மறைக்கின்றனர். குடும்பச் செபம் சொல்லும் வீடுகளிலும் இந்நிலை உண்டு.

இரவலும் கடனும்

அடுத்து எலிசா சொல்வது வியப்பூட்டுகிறது. அண்டை வீட்டார் எல்லாரிடமும் போய் வெறும் பாத்திரங்களை வாங்கி வா. சிலவற்றோடு நின்றுவிடாதே என்கிறார். கடனால் அழிந்துகொண்டிருக்கும் ஒருத்தியிடம் மீண்டும் கேட்டு வாங்கச் சொல்கிறாரே! இங்கே எபிரேய மூலத்தில் வரும் வினைச்சொல்லுக்குக் கேட்டல் என்பதே அடிப்படைப் பொருள்.

நம் மொழி இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. கொடுக்கல் வாங்கலுக்குத் தமிழில் சொற்கள் பல. அண்டை வீட்டிலிருந்து உலக்கையோ அண்டாவோ வாங்கிவந்து வேலை முடிந்ததும் அதையே திருப்பித் தருவது இரவல். நாலைந்து நாளில் தருகிறேன் என்று வட்டியின்றி வாங்குவது கைமாற்று. தவணையும் வட்டியும் எழுத்தும் வந்துவிட்டால் கடன். அதற்கும் அப்பால் தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று கொடுமைக்கு ஏற்பப் பெயர்கள் வளர்கின்றன. இரவலில் இருவரும் அண்டை வீட்டாராகவே இருக்கின்றனர். கந்துவட்டியில் ஒருவன் வேட்டைக்காரன், மற்றவன் இரை. எலிசா அந்தப் பெண்ணை இந்த ஏணியின் அடிப்படிக்கு, அயலாரின் வாசலுக்கு அழைத்து வருகிறார். கடனிலிருந்து மீளும் வழி இரவலின் வழியாகச் செல்கிறது.

இதில் அயலார் செய்வது மிகச் சிறிய உதவி. அவர்கள் எண்ணெய் கொடுக்கவில்லை, காசு கொடுக்கவில்லை, பயன்படாமல் கிடந்த வெறும் பாத்திரங்களைக் கொடுத்தனர். ஆயினும் அவர்கள் கொடுத்த அளவே எண்ணெயின் அளவாயிற்று. ஒரு வீட்டின் மீட்சி அதன் தெருவின் தாராளத்தைப் பொறுத்தது என்பதைக் கதாசிரியர் ஒரு வாக்கியமும் உபதேசிக்காமல் சொல்லிவிடுகிறார்.

மூடிய கதவு

பாத்திரங்கள் வந்தபின் கதவு மூடப்படுகிறது. உள்ளே தாயும் பிள்ளைகளும் மட்டுமே. பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க, தாய் ஊற்றுகிறாள். எலிசாவும் அங்கே இல்லை. புதுமையைக் காணக் கூட்டம் இல்லை.

கதவு மூடப்படுவதற்கு ஞானப்பொருள் கூறுவோர் இணைச்சட்ட நூலின் இருபத்துநான்காம் அதிகாரத்தையும் உடன்வைத்துப் பார்க்கலாம். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும், கடனாளியே அதை வெளியே கொண்டுவருவான் என்பது அங்குள்ள சட்டம். வாசற்படிக்கு அப்பால் கடனுக்கு உரிமையில்லை. ஏழைக்கும் வீடு உண்டு. வீட்டுக்குள் மானம் உண்டு. இக்கதையின் மூடிய கதவு அந்த மானத்தை அவளுக்கு மீட்டுத் தருகிறது.

பிள்ளைகள் உள்ளே இருப்பதும் எண்ணத்தக்கது. யாரைக் கொண்டுபோகக் கடன்காரன் வந்தானோ, அவர்களே கடனைத் தீர்க்கும் வேலையில் கைகொடுக்கின்றனர். தம் வீட்டின் நிலை அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால் அவர்கள் பயனுள்ளவர்களாயினர். நம் நடைமுறை இதற்கு நேர்மாறானது. கதவுக்கு வெளியே இருப்போர்க்கு வசதி இருப்பதாகக் காட்டவும், கதவுக்கு உள்ளே இருப்போர்க்கு உண்மையை மறைக்கவும் நாம் பழகியுள்ளோம். புதுநன்மை விழாவுக்குப் பந்தலும் பிரியாணியும் ஒளிப்படமும் வேண்டும். அதற்கு வாங்கிய கடன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை விழுங்குவது யாருக்கும் தெரியக்கூடாது. நற்கருணை ஆண்டவர் முதன்முறை உள்ளத்தில் எழுந்தருளும் நாள், அவ்வீட்டில் முதன்முறை வட்டிக்காரர் காலடி வைத்த நாளாகவும் அமைந்துவிடுவது எத்தகைய முரண்!

எண்ணெய் நின்றது

இன்னொரு பாத்திரம் கொடு என்கிறாள் தாய், இனி இல்லை என்கிறான் மகன், எண்ணெய் நின்றுவிடுகிறது. இதனோடு ஒப்பிடத்தக்கது அரசர்கள் முதல் நூலில் வரும் சாரிபாத்துக் கைம்பெண்ணின் கதை. அங்கே எலியாவின் வாக்குப்படி பானையில் மாவும் கலயத்தில் எண்ணெயும் மழை பெய்யும் நாள்வரை குறையவில்லை. இரண்டும் கைம்பெண் கதைகள், இரண்டிலும் எண்ணெய். ஆனால் இரு துன்பங்களின் இயல்பு வேறு. ஆதலின் இரு புதுமைகளின் இயல்பும் வேறு. பஞ்சத்தின் முடிவு ஒரு நாள். அந்நாள்வரை உணவு தொடரவேண்டும். கடனின் முடிவு ஒரு தொகை. அத்தொகை சேர்ந்தால் போதும். ஆதலின் அங்கே எண்ணெய் தொடர்ந்தது, இங்கே நின்றது. இறைவனின் கொடையும் கணக்கறிந்து வருகிறது.

நின்றதும் அவள் செய்வதைக் கவனியுங்கள். நிரம்பிய பாத்திரங்களைப் பார்த்துத் தானாக ஒன்றும் முடிவு செய்யவில்லை. எலிசாவிடம் போய்ச் சொல்கிறாள். அவர் மூன்று கட்டளைகள் தருகிறார்: எண்ணெயை விற்றுவிடு; உன் கடனை அடைத்துவிடு; மீதியைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் வாழுங்கள். இம்மூன்றின் வரிசையே இக்கதையின் உச்சம். முதலில் விற்றல், புதுமையால் வந்த பொருளும் சந்தைக்குப் போகவேண்டும், அதற்கு உழைப்பு வேண்டும். அடுத்துக் கடனடைத்தல், பிறர்க்கு உரியது நம் கையில் இருக்கும்வரை அது நம்முடைய செல்வம் ஆகாது. இறுதியில் வாழ்தல், அதுவும் மீதியைக் கொண்டு.

நம்மில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறோம். போனஸ் வந்தாலும், அறுவடை கைக்கு வந்தாலும், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய தொகை வந்தாலும் முதலில் வாழ்கிறோம், எஞ்சினால் அடைக்கிறோம், எஞ்சாதபோது புதிதாக வாங்குகிறோம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐம்பதாயிரம் வாங்கியவர் மாதந்தோறும் ஐயாயிரம் கட்டுகிறார். பத்தாவது மாதத்தில் வாங்கிய தொகை முழுவதையும் கட்டிமுடித்திருப்பார். ஆயினும் அசலில் ஒரு ரூபாயும் குறைந்திராது. வாங்குமுன் உட்கார்ந்து கணக்கிட இந்த ஒரு பெருக்கல் போதும்.

கதையில் ஒரு குறை

இவ்வளவு செறிவான கதையிலும் திறனாய்வாளரை உறுத்தும் குறை ஒன்று உண்டு. கடன் கொடுத்தவன் தண்டிக்கப்படவில்லை, கண்டிக்கப்படவும் இல்லை. தந்தையற்ற இரு சிறுவரை அடிமைகளாக்க வந்தவன் தன் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறான். எலிசா அவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. விடுதலைப் பயண நூல், உன் மக்களுள் ஏழையானவனிடம் கடன்காரனைப் போல் நடந்துகொள்ளாதே, வட்டி வாங்காதே என்று விதிக்கிறது. அங்கே கடன்காரனைக் குறிக்கும் அதே எபிரேயச் சொல்தான் இக்கதையிலும் வாசலில் வந்து நிற்கிறது. சட்டத்தை அறிந்த வாசகனுக்கு அச்சொல் ஒன்றே குற்றச்சாட்டு ஆகும் என்று கதாசிரியரைச் சார்ந்து வாதிடலாம். ஆயினும் கதைக்குள் அந்த வழக்கு தீராமலே நிற்கிறது. இவள் தப்பினாள், அடுத்த தெருவில் கலயமே இல்லாதவள் என்ன செய்வாள்?

இந்தக் குறையை நிறைவு செய்யும் பகுதி மறைநூலிலேயே உள்ளது. அது நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எருசலேமின் மதில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது எழுந்த கூக்குரலை அது பதிவு செய்கிறது. மக்களும் அவர்கள் மனைவியரும் முறையிட்டனர் என்று பெண்களைத் தனியே குறிப்பிடுகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலை அடகு வைத்தவர்கள், அரசனின் வரி கட்டக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமைகளாக விட்டவர்கள் எல்லாரும் பேசுகின்றனர். நெகேமியா சினங்கொள்கிறார், பெருஞ்சபையைக் கூட்டுகிறார், நானும் என் சகோதரரும் என் ஊழியரும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்துள்ளோம் என்று சபை நடுவில் ஏற்றுக்கொள்கிறார். வயல்களையும் வீடுகளையும், வாங்கிய நூற்றில் ஒரு பங்கையும் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். அந்த நூற்றில் ஒன்று மாத வட்டி என்பது உரையாசிரியர் பலரின் கருத்து. அக்கருத்தை ஏற்றால், மாதம் நூற்றுக்கு ஒன்று என்பதே நெகேமியாவைக் கொதித்தெழச் செய்தது. நூற்றுக்குப் பத்தைக் கண்டும் கொதிக்காமல் நாம் பழகிவிட்டோம்.

கடனுக்குப் பிள்ளைகளைக் கொடுப்பது பழங்கதை என்று எண்ணவேண்டாம். பெற்றோர் தம் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க 1933-இல் இந்தியாவில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003-இல் வந்தது. இவ்வளவுக்குப் பின்னும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கணவனும் மனைவியும் இரு சிறு குழந்தைகளும் கந்துவட்டிக் கொடுமையால் தீக்கு இரையாயினர். கதையில் வரும் கைம்பெண்ணுக்கும் பிள்ளைகள் இருவர். அவளுடைய கூக்குரலைக் கேட்க ஓர் எலிசா இருந்தார். பேராசை மிகுந்த வட்டித் தொழிலால் பிறர் பசிக்கும் சாவுக்கும் காரணமாவோர் மறைமுகமாகக் கொலை செய்கின்றனர் என்று திருச்சபையின் மறைக்கல்வி 2269-ஆம் எண்ணில் கூறுவது மிகைக்கூற்று அன்று.

நூறு தெனாரியம்

பிள்ளைகளை விற்கும் அச்சம் புதிய ஏற்பாட்டிலும் தொடர்கிறது. மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகார உவமையில், பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளனையும் அவன் மனைவியையும் பிள்ளைகளையும் விற்க அரசன் ஆணையிடுகிறான். அவன் கெஞ்சவே, கடன் முழுவதும் தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன் தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆகவே பெரிய கடன் சிறிய கடனைப் போல் ஆறு இலட்சம் மடங்கு.

இந்த ஏற்றத்தாழ்வை எல்லாரும் எடுத்துரைப்பர். ஆனால் நூறு தெனாரியம் என்பது நூறு நாள் கூலி என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? ஓர் உழைப்பாளிக்கு அது சிறு தொகையன்று. இயேசு ஒரு காசு, இரு காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மன்னிப்பவனுக்கு வலிக்கும் தொகையையே தெரிந்தெடுத்தார். மன்னிப்பு என்பது கணக்குத் தெரியாதவனின் தாராளம் அன்று. இழப்பு எவ்வளவு என்று அறிந்தவனின் இரக்கம்.

அவர் கற்பித்த செபத்திலும் இதே தடம் உண்டு. மத்தேயுவின் கிரேக்கப் பாடத்தில் நாம் மன்னிக்க வேண்டியதும் மன்னிப்புக் கேட்பதும் கடன் என்ற சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. லூக்கா, இறைவனிடம் கேட்கும்போது பாவம் என்கிறார். ஆயினும் நமக்குக் கடன்பட்டோரை மன்னிப்பதாகவே தொடர்கிறார். நாம் நாள்தோறும் சொல்லும் தமிழ்ச் செபத்தில் பாவம் என்ற சொல் நிலைத்துவிட்டது. அது பொருளால் சரியானதே. எனினும் அச்செபத்தைச் சொல்லும் உதடுகள், ஓர் ஏழையிடம் நமக்கு வரவேண்டிய பாக்கியைப் பற்றியும் பேசுகின்றன என்ற உணர்வு மங்கிவிட்டது. தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்ற பொருளும் உண்டு. வாங்கியவனுக்குத் திருப்பித் தருதல் கடன் என்றால், கொடுத்தவனுக்கு இரங்குதலும் கடனே.

அண்டை வீட்டார் யார்?

அயலாரின் பாத்திரங்களைத் திருச்சபை ஒருகாலத்தில் அமைப்பாகவே ஆக்கியது. இத்தாலியின் பெரூஜியா நகரில் 1462-இல் பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால் ஏழைகளுக்கான அடகுநிதி தொடங்கப்பட்டது. நகரத்தார் தந்த பணத்திலிருந்து, வைக்கும் பொருளின் பேரில், நடத்தும் செலவுக்கு மட்டும் போதுமான சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு கடன் தந்தனர். அந்தச் சிறு தொகையும் வட்டியாகிவிடாதா என்று இறையியலார் பல்லாண்டு வாதிட்டனர். 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அது முறையானதே என்று தீர்த்தது. ஏழையின் அடகைப் பற்றிப் பொதுச்சங்கம் ஒன்று கூடிப் பேசியது என்பதே நாம் நினைவில் வைக்கத்தக்கது.

நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. கடலோர மீனவர்க்கு வணிகர் முன்பணம் கொடுப்பர்; அதற்கு வட்டி என்று பெயர் இராது; பிடித்த மீனை அவரிடமே அவர் சொல்லும் விலைக்கு விற்கவேண்டும் என்ற கட்டு இருக்கும். திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் முயற்சியால் உருவான மரியநாடு மீனவர் குடியிருப்பில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இக்கட்டை அவிழ்க்க வழிகண்டது. மீனைச் சங்கமே ஏலம் விட்டது. விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. மீன் மிகுந்தால் தவணை மிகும். வலை வெறுமையாக வந்தால் தவணையும் இல்லை. இம்முறையே பின்னர்த் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகக் குமரிக் கடற்கரைக்கும் பரவியது. விற்றல், அடைத்தல், மீதியில் வாழ்தல் என்ற எலிசாவின் வரிசையைக் கடற்கரை மணலில் மீண்டும் எழுதியதாகவே இதனைக் கொள்ளலாம்.

2025 யூபிலி ஆண்டுக்கான ஆணைமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், ஏழை நாடுகளின் கடனைச் செல்வ நாடுகள் மன்னிக்கவேண்டும் என்று வேண்டினார். நம் பங்குகளில் அதனை வாசித்தோம்; கருத்தரங்குகள் நடத்தினோம். நாடுகளின் கடனைப் பற்றிப் பேசுவது எளிது. அவற்றுக்குக் கடன் கொடுத்தவர் நம் ஆலயத்தில் இல்லை. திருவிழாவுக்குப் பெருந்தொகை நன்கொடை தந்து, கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்டு, அதே ஆலயத்தின் பின்வரிசையில் இருக்கும் விதவையிடம் நூற்றுக்குப் பத்து வாங்குபவர் நம் நடுவில் இருப்பின், அவரிடம் பேசுபவர் யார்? நெகேமியா தன் பெயரை முதலில் சொல்லிவிட்டே மற்றவரைக் கேட்டார். பங்குப் பேரவைகள் அந்த அதிகாரத்தை ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்கட்டும். விழாச் செலவைக் குறைத்து, புதுநன்மைக்கும் திருமணத்துக்கும் எளிய பொதுமுறை வகுத்து, அன்பியக் கூட்டத்தில் வட்டியில்லாக் கைமாற்றுக்கு ஒரு சிறு நிதி வைப்பது எந்தப் பங்குக்கும் இயலாததன்று. அவை வெறும் பாத்திரங்களே. ஆனால் அவை வராவிட்டால் எண்ணெய் ஊறுவதற்கு இடமில்லை.

கதையின் கடைசிச் சொற்கள் மீதியையும் வாழ்வையும் பற்றியவை. அவள் செல்வந்தராகிவிட்டாள் என்று கதாசிரியர் சொல்லவில்லை. பிள்ளைகள் பெரும் பதவி பெற்றனர் என்றும் சொல்லவில்லை. கடன் அடைந்தது, மீதி இருந்தது, அது வாழப் போதுமானதாக இருந்தது. அண்டை வீட்டாரின் பாத்திரங்கள் கழுவப்பட்டு உரியவரிடம் திரும்பின என்பதையும் அவர் எழுதவில்லை. விடுபட்ட அந்த ஒரு வரியை, ஆண்டவருக்கு அஞ்சி நடந்தவரின் வீட்டை அறிந்த வாசகர் தாமே நிரப்பிக்கொள்வார்.